கல்லு இழுத்த சீட்டு

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளுக்குக் கல்லு என்று பெயர் வைத்தது பாய்லர்காரர். சீட்டைக் கையில் எடுத்துவிட்டால் அவள் முகத்தில் ஒன்றும் ஓடாது. நல்ல சீட்டு வந்தாலும் அதே முகம், குப்பை வந்தாலும் அதே முகம். "கல்லுகூட வெயில்ல சூடாகும். இவ அதுவும் ஆகமாட்டா" என்று அவர் ஒருநாள் சலித்துக்கொள்ள, பெயர் ஒட்டிக்கொண்டது. சம்பளம் வாங்கும்போது மட்டும்தான் அவளுக்கு வேறு பெயர் இருப்பது மற்றவர்களுக்கு ஞாபகம் வரும்.

சலவைக்கூடத்தின் வாரம் வெள்ளிக்கிழமையோடு முடிந்துவிடும். ஆனால் நோயாளிகளுக்குச் சனிக்கிழமை என்று தனியாக ஒன்று கிடையாது. வார்டுகளில் விரிப்புகள் அழுக்காகிக்கொண்டேதான் இருக்கும். அதனால் சனிக்கிழமையும் இரண்டு பேர் வந்து இஸ்திரி உருளையில் நிற்க வேண்டும். ஈர விரிப்பை இந்தப் பக்கம் கொடுத்தால் உருளை அதை விழுங்கி, அந்தப் பக்கம் தகடு மாதிரி சுடச்சுடத் துப்பும். நான்கு பேர் செய்கிற வேலையை அன்றைக்கு இரண்டு பேர் செய்ய வேண்டும். மாலையில் வீடு திரும்பும்போது உள்ளங்கை வெந்து சிவந்திருக்கும்.

யார் அந்த இரண்டு பேர் என்று ஒரு காலத்தில் ஒவ்வொரு வாரமும் வாய்ச்சண்டை நடந்தது. கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன சூப்பர்வைசர், "நீங்களே பேசி முடிவு பண்ணித் தொலைங்க, என் தலைய உருட்டாதீங்க" என்று கழன்றுகொண்டார். வார்டு வார்டாகப் போய் அழுக்குத் துணி அள்ளி வருகிற வண்டிக்காரர் இளவயதில் கப்பலில் வேலை பார்த்தவர். அவர்தான் போக்கர் சொல்லிக்கொடுத்தார். வியாழக்கிழமை சாப்பாட்டு இடைவேளையில், விரிப்பு மடிக்கிற நீள மேசையில் ஆட்டம். காசு கிடையாது. கிழிந்துபோன நோயாளி அங்கிகளிலிருந்து தையல்காரம்மா வெட்டி வைத்திருக்கும் பட்டன்கள்தான் பந்தயம். எல்லோருக்கும் சமமாக அள்ளிக் கொடுப்பாள். மணி அடிக்கும்போது யார் இரண்டு பேர் கையில் குறைவாக இருக்கிறதோ அவர்களுக்குச் சனிக்கிழமை.

ஆட்டம் எளிது. ஆளுக்கு ஐந்து சீட்டு. பிடிக்காததைப் போட்டுவிட்டு அத்தனை புதுச் சீட்டு வாங்கிக்கொள்ளலாம், ஒரே ஒரு தடவை. மாற்றுவதற்கு முன்னால் ஒரு பந்தயம், பின்னால் ஒரு பந்தயம். கை சரியில்லை என்று பட்டால் விலகிக்கொள்ளலாம், அதுவரை போட்ட பட்டன் போனது போனதுதான்.

கப்பலில் இல்லாத ஒரு சட்டம் மட்டும் இங்கே உண்டு. விலகுகிறவர் தன் சீட்டைக் கவிழ்த்து வைக்கக் கூடாது, எல்லோரும் பார்க்கிற மாதிரி விரித்து வைக்க வேண்டும். வண்டிக்காரர் சட்டைக்கைக்குள் சீட்டை ஒளிக்கிறார் என்று பாய்லர்காரருக்கு ஒருமுறை சந்தேகம் வந்து, அவர் கொண்டுவந்த சட்டம் அது. "ஒளிவுமறைவே வேண்டாம்ப்பா. எல்லாம் வெட்டவெளிச்சமா இருக்கட்டும்." எல்லோரும் தலையாட்டினார்கள்.

விலகியதும் அவரவர் தம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொள்வார்கள். கல்லு திறக்கமாட்டாள். விரித்துக் கிடக்கும் சீட்டுகளைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். இந்த ஆள் என்ன கையை வைத்துக்கொண்டு இவ்வளவு நேரம் முறுக்கிக்கொண்டிருந்தார், எத்தனை சீட்டு மாற்றினார், மாற்றும்போது என்ன பேசினார், எல்லாம் அவள் கண் முன்னால் திறந்த புத்தகமாகக் கிடக்கும். தையல்காரம்மா ஒரு ஜோடி கிடைத்தாலே கல்யாணம் ஆன மாதிரி சிரிப்பாள். வண்டிக்காரர் ராணியைக் கண்டால் விடமாட்டார், அது அவருக்கு ஒரு பலவீனம். பாய்லர்காரர் பொய்க்கையோடு இருக்கும்போது ஜோக்கடிப்பார். உண்மையிலேயே கை நன்றாக இருந்தால் வாயை மூடிக்கொண்டு பட்டன்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்.

இதெல்லாம் ஒரே நாளில் தெரிந்ததல்ல. ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் வாய் திறக்காமல் பார்த்துப் பார்த்து அவள் தெரிந்துகொண்டது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் அதிர்ஷ்டம்.

"கொடுத்து வச்சவம்மா நீ" என்பாள் தையல்காரம்மா.

"சீட்டுக்கு இவள எங்கயோ பிடிச்சுப்போச்சு" என்பார் வண்டிக்காரர்.

கல்லு ஒன்றும் சொல்லமாட்டாள். சொல்லாமல் இருந்தாளே தவிர, அந்தச் சொல் ஒவ்வொரு தடவையும் உள்ளே போய் ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டது.

அவளுக்குச் சனிக்கிழமை ஏன் வேண்டும் என்று அங்கே ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். அது கூடவே வேலை பார்க்கும் அவளுடைய அண்ணி. இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் அண்ணிதான்.

கல்லுவுக்கு ஒரு மகள். மூன்றாம் வகுப்பு. பிரிந்துபோன கணவனோடு ஊரின் மறுகோடியில் இருக்கிறாள். பிரியும்போது அவன் சொன்னது கல்லுவுக்கு அப்படியே நினைவிருந்தது. "சனிக்கிழமை வந்து கூட்டிட்டுப் போ. பொழுது சாயறதுக்குள்ள கொண்டுவந்து விட்டுடு. நான் நல்ல மனசோட விடறேன். ஆனா ஒரு வாரம் வராம இருந்தேன்னு வெச்சுக்க, அப்புறம் என்னைக் கேக்காத." எப்போது தவறுவாள் என்று அவன் காத்துக்கொண்டிருக்கிறான் என்பது அவளுக்குத் தெரியும். சனிக்கிழமைகளில் தாயும் மகளும் பேருந்தில் ஏறிக் கடைசி நிறுத்தம் வரை போய், இறங்காமலே திரும்புவார்கள். ஜன்னலோரம் மகளுக்கு. வேறொன்றும் பெரிதாகச் செய்வதில்லை.

"சொல்லித் தொலையேன்" என்று அண்ணி எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள். "இவங்க என்ன மனுஷங்க இல்லையா? சொன்னா விட்டுக் கொடுப்பாங்க."

"அதான் சொல்லல."

"இது என்னடி பதில்?"

"அதுதான் பதில்."

ஒரே ஒரு வியாழக்கிழமை கல்லு கடைசி இருவரில் வந்தாள். கையில் மூன்று ஏஸ் இருந்தது. அதையும் வண்டிக்காரர் தாண்டிவிட்டார். அதில் அவள் செய்த தப்பு எதுவுமில்லை. அந்தச் சனிக்கிழமை உருளையில் அவளுக்குப் பதிலாக அண்ணி போய் நின்றாள். ஏதோ ஒரு சாக்குச் சொல்லி மாற்றிக்கொண்டார்கள். அண்ணி அதை ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. அவள் சொல்லிக்காட்டாததே கல்லுவுக்குப் பெரிய பாரமாக இருந்தது.

வினை வந்தது பாய்லர்காரரின் தொடர்ச்சியான தோல்வியால். அவர் மூன்று சனிக்கிழமை அடுத்தடுத்து உருளையில் நின்றார். மூன்றாவது சனிக்கிழமை அவருடைய மச்சான் வீடு மாற்றினான். சாமான் தூக்க வராத மாப்பிள்ளை என்று மாமியார் வீட்டில் பேச்சு வாங்கினார். அந்த எரிச்சலோடு திங்கட்கிழமை நேராகச் சூப்பர்வைசர் அறைக்குப் போனார்.

"சார், ஒருத்தி மட்டும் சனிக்கிழமைன்னா என்னன்னே தெரியாம இருக்கா. நாங்க என்ன இளிச்சவாயங்களா?"

சூப்பர்வைசர் எல்லோரையும் கூப்பிட்டார். "சீட்டுங்கறதே அதிர்ஷ்டம்தானே. அதுக்கு எதுக்கு இவ்ளோ கூத்து? பேர எழுதிப் போட்டுக் குலுக்கி எடுத்துடுங்க. யாருக்கும் வருத்தம் இருக்காது."

எல்லோருக்கும் சரி என்றே பட்டது. அப்போதுதான் கல்லு வாயைத் திறந்தாள்.

"எனக்கு இருக்கும் சார்."

மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அந்த அறையில் பேசி யாரும் கேட்டதில்லை.

"ஏம்மா, ரெண்டும் ஒண்ணுதானே?"

"இல்ல சார். குலுக்கல்ல நான் பண்றதுக்கு ஒண்ணும் இல்ல. ஆட்டத்துல இருக்கு."

"என்ன இருக்கு?" என்றார் பாய்லர்காரர். "சீட்டு உன்கிட்ட கேட்டுட்டா வருது? உனக்கு வருது, எங்களுக்கு வரல. அவ்வளவுதான் விஷயம்."

"எனக்கும் குப்பைதான் வருது அண்ணே. உங்களுக்கு வர்ற அதே குப்பை. நீங்க அதக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க, நான் போட்டுடறேன்."

வண்டிக்காரர் குபீரென்று சிரித்துவிட்டார். பாய்லர்காரருக்கு முகம் கறுத்தது.

"ஓ, அப்ப இது திறமை! சரி, காட்டேன் உன் திறமைய. இந்த வியாழக்கிழமை ஆடுவோம். நீ கடைசி ரெண்டு பேர்ல வந்தா அடுத்த வாரத்துலேருந்து குலுக்கல். வரலைன்னா இனிமே உன்ன அதிர்ஷ்டக்காரின்னு நான் சொல்லல. என்ன சார், சரிதானே?"

சூப்பர்வைசருக்கு வேறு வேலை இருந்தது. "சரி சரி, அப்படியே பண்ணுங்க."

"ஒரு ஆட்டத்துல எதுவும் தெரியாது" என்றாள் கல்லு. "ஒரு வருஷத்த எடுத்துப் பாருங்க, தெரியும்."

"பயமா?"

அவள் பாய்லர்காரரை நேராகப் பார்த்தாள். "ஆடலாம்" என்றாள்.

வெளியே வந்ததும் அண்ணி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "உனக்குப் பேய் கீய் பிடிச்சிருக்கா? ஒரு வார்த்தையில முடிஞ்சுபோற விஷயத்த ஏண்டி இப்படி இழுத்து விட்டுக்கிட்ட?"

"அண்ணி, நான் ஜெயிச்சு எடுத்தத, குடுத்து வச்சவ, குடுத்து வச்சவன்னு சொல்லிச் சொல்லி, கடைசியில குடுத்தவங்க மாதிரியே திருப்பிக் கேக்கறாங்க பாத்தீங்களா?"

அண்ணிக்கு அது புரிந்ததா தெரியவில்லை. பெருமூச்சு விட்டுவிட்டு மடிப்பு மேசைக்குப் போய்விட்டாள்.

வியாழக்கிழமை சூப்பர்வைசரும் வந்து ஓரமாக ஒரு கவிழ்த்த கூடைமேல் உட்கார்ந்துகொண்டார். அவருக்கே ஆர்வம் வந்துவிட்டது. தையல்காரம்மா பட்டன்களை அள்ளிப் போட்டாள்.

முதல் பாதி கல்லு நன்றாகவே ஆடினாள். வந்த குப்பையை எல்லாம் போட்டாள். தையல்காரம்மா சிரித்தபோது விலகினாள். வண்டிக்காரர் ராணிகளுக்காக உயிரைக் கொடுத்தபோது இரண்டு ராஜாவை வைத்துக்கொண்டு அவர் பட்டன்களில் பாதியை வாங்கினாள். அவர், "ராணிய நம்பினவன் கதி இதுதான்" என்று வீட்டுக்காரியை நினைத்துக்கொண்டு சொன்ன மாதிரி சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். கடைசி இருவரில் ஒருவர் வண்டிக்காரர்தான் என்பது அப்போதே ஏறக்குறைய முடிவாகிவிட்டது.

மணி அடிக்க இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. கல்லுவிடம் போதுமான அளவு பட்டன் இருந்தது. பேசாமல் கையைக் கட்டிக்கொண்டு, வருகிற சீட்டை எல்லாம் போட்டுக்கொண்டிருந்தாலே அவள் தப்பித்துவிடுவாள். அது அவளுக்கும் தெரியும், பாய்லர்காரருக்கும் தெரியும். அவருக்குப் பொறுக்கவில்லை. வண்டிக்காரர் அடுத்த கைக்குச் சீட்டைப் பகிரும்போது அவர் பொதுவாகச் சொல்வதுபோல் சொன்னார்:

"நமக்கெல்லாம் வீடு, வாசல், புள்ளகுட்டின்னு சனிக்கிழமை ஆயிரம் வேலை. இந்தம்மாவுக்கு யாரு இருக்கா? வந்து நின்னுட்டுப் போனா என்ன குறைஞ்சுபோகும்? கேட்டா திறமையாம்."

அண்ணி நிமிர்ந்தாள். "பாய்லர் அண்ணே, வாய அளந்து பேசுங்க."

"நான் என்னம்மா தப்பா சொல்லிட்டேன்? உள்ளதத்தான் சொன்னேன்."

கல்லு தன் ஐந்து சீட்டை எடுத்தாள். நான்கு ஆட்டின், சிவப்பு இதயம். ஒன்று கறுப்பு. இன்னொரு ஆட்டின் வந்தால் ஐந்தும் ஒரே இனமாகி, மூன்று ஒரே மாதிரியைக்கூட வெல்லும் பெரிய கை. வராவிட்டால் கையில் இருப்பது ஒன்றுமே இல்லை, ஒரு ஜோடிகூட இல்லை.

முதலில் ஆட வேண்டியவர் பாய்லர்காரர். அவர் திடீரென்று பேச்சை நிறுத்தியிருந்தார். பட்டன்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அடுக்கை மெல்ல நடுவில் நகர்த்தினார். தையல்காரம்மா உதட்டைப் பிதுக்கிவிட்டு விலகினாள். அண்ணி விலகினாள். வண்டிக்காரரும் விலகினார். மூவருடைய சீட்டும் மேசைமேல் விரிந்து கிடந்தன. அவற்றில் ஆட்டின் நான்கு. மிச்சமிருப்பவை கொஞ்சம்தான். இப்படி ஆறு தடவை இழுத்தால் ஒரு தடவை வரலாம். எதிரில் இருப்பவர் பொய்க்கைக்காரர் அல்ல, அடுக்குகிறார். விலக வேண்டிய கை. வேறு எந்த வியாழக்கிழமையாக இருந்தாலும் சீட்டைத் தொட்ட சூட்டோடு போட்டிருப்பாள்.

இவையெல்லாம் அவளுக்குத் தெரிந்துகொண்டுதான் இருந்தன. தெரிவது ஒரு பக்கம் இருக்க, இன்னொரு பக்கம் காது மடல் கொதித்துக்கொண்டிருந்தது. யாரு இருக்கா, யாரு இருக்கா என்று அதுவே திரும்பத் திரும்பக் கேட்டது. ஜன்னல் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு உட்காரும் ஒரு சின்ன முகம் வந்து போனது.

அவள் தன்னிடமிருந்த பட்டன்கள் அத்தனையையும் இரண்டு கையாலும் நடுவில் தள்ளினாள்.

"எல்லாம்."

அண்ணியின் கை வாய்க்குப் போனது. வண்டிக்காரர், "அடியாத்தீ" என்றார்.

பாய்லர்காரர் அவளை வெகுநேரம் பார்த்தார். கல்லு முகத்தில் வழக்கம்போல ஒன்றும் இல்லை. அவரிடமும் அவ்வளவு பட்டன்தான் இருந்தது. தன்னுடையதையும் சத்தமில்லாமல் தள்ளினார். பிறகு இரண்டு சீட்டை மாற்றினார். அவரிடம் மூன்று ஒரே மாதிரி இருக்கிறது என்று அவளுக்குச் சந்தேகமறத் தெரிந்தது. கறுப்புச் சீட்டைப் போட்டுவிட்டு அவள் ஒன்று கேட்டாள்.

பாய்லர்காரர் விரித்தார். மூன்று ராணி. மாற்றிய இரண்டும் உதவவில்லை. உதவாவிட்டாலும் அதுவே போதும்.

கல்லு தன் நான்கையும் விரித்து, வாங்கிய சீட்டைத் தான் முன்னால் பார்க்காமலே அவற்றின் பக்கத்தில் திருப்பி வைத்தாள். சிவப்பு. ஆட்டின் ஏழு.

கூடத்தில் கூச்சல் எழுந்தது. தையல்காரம்மா கைதட்டினாள். கூடைமேல் உட்கார்ந்திருந்த சூப்பர்வைசர் எழுந்தே விட்டார். அண்ணி அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். வண்டிக்காரர், "கப்பல்ல இருந்தா கேப்டனயே கடல்ல தள்ளியிருப்பா" என்று உரக்கச் சொன்னார்.

பாய்லர்காரர் கொஞ்சநேரம் தன் மூன்று ராணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபக்காரரே தவிர அற்ப மனிதர் இல்லை. எழுந்து நின்றார்.

"சரி. சொன்னா சொன்னதுதான். நான் மூணு ராணிய வெச்சுக்கிட்டு நிக்கறேன், இவ துணிஞ்சு மொத்தத்தையும் தள்றா. இது அதிர்ஷ்டம் இல்ல. ஒத்துக்கறேன், திறமைதான்."

ஒரு வருடமாக அவள் கேட்கக் காத்திருந்த சொல். அது கிடைத்துவிட்டது. ஆட்டமும் நிற்கப் போவதில்லை, சனிக்கிழமையும் கையில் இருக்கிறது. சும்மா இருந்தால் போதும். சும்மா இருப்பது அவளுக்குக் கைவந்த கலை.

அவள் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூச்சல் தானாக அடங்கியது.

"இல்லண்ணே" என்றாள்.

"என்ன இல்ல?"

"இது அதிர்ஷ்டம். நான் தப்பா ஆடினேன். இந்தக் கைய நான் போட்டிருக்கணும்."

அவள் விரித்துக் கிடந்த சீட்டுகளைக் காட்டினாள்.

"உங்ககிட்ட மூணு இருக்குன்னு தெரியும். மிச்ச ஆட்டின்ல பாதி மேசை மேலயே கிடந்துச்சு. ஆறுல ஒண்ணு வரலாம், வந்துடுச்சு. அவ்வளவுதான். இன்னைக்குச் சரியா ஆடினது நீங்க."

அண்ணி அவள் இடுப்பில் கிள்ளினாள். கல்லு அசையவில்லை.

"இத்தன நாள் நான் சரியா ஆடினப்ப எல்லாம் அதிர்ஷ்டம்னீங்க. இன்னைக்கு ஒருநாள் கிறுக்குத்தனமா ஆடிருக்கேன், திறமைங்கறீங்க. இதுக்கு அந்தப் பேர் வேண்டாம். இத வாங்கிக்கிட்டா, மத்ததெல்லாம் என்னன்னு ஆகும்?"

சூப்பர்வைசர் தலையைச் சொறிந்தார். "என்னம்மா இது? நீயே உன் வாயால அதிர்ஷ்டங்கற. அப்ப நான் சொன்ன மாதிரி குலுக்கலே போட்டுடலாமா?"

"அதெப்படி சார்?" என்று கத்தியது பாய்லர்காரர்.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் முகம் சிவந்திருந்தது.

"நான் மூணு ராணி வெச்சிருந்தேன்! அவ வாயாலயே சொல்றா, நான் சரியா ஆடினேன்னு. சரியா ஆடினவன் தோத்திருக்கேன், இது என்ன நியாயம்? அடுத்த வாரம் நான் ஆடணும். இத நான் விடமாட்டேன்."

"குலுக்கலுக்குச் சரின்னு நின்னதே நீதானேய்யா."

"அது திங்கக்கிழமை சார்."

வண்டிக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அதிர்ஷ்டம் அடுத்த வீட்டுக்கு வந்தா திறமை கண்ணுக்குத் தெரியாது. நம்ம வீட்ட மிதிச்சாத்தான் வலிக்கும் போல."

"நீ வாய மூடு. உனக்கும்தான் சனிக்கிழமை."

தையல்காரம்மா மட்டும் கல்லுவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தெரிஞ்சும் ஏன்மா தள்ளின? நீ அப்படிப் பண்றவ இல்லையே."

"கோவத்துல, அக்கா."

"என்ன கோவம்?"

கல்லு வாயை மூடிக்கொண்டாள். நீளமான மௌனம். அவளால் அதில் மணிக்கணக்காக இருக்க முடியும். அண்ணியால் முடியவில்லை.

"அவளுக்கு ஒரு பொண்ணு இருக்கா. சனிக்கிழமை மட்டும்தான் பாக்க விடறான் அந்த மனுஷன். ஒரு வாரம் தவறினா அதுவும் போச்சு. யாரு இருக்கான்னு கேட்டீங்களே, அந்தக் கோவம்தான்."

பாய்லர்காரர் மெல்ல உட்கார்ந்தார். தையல்காரம்மாவின் கண்ணில் சட்டென்று நீர் கட்டிக்கொண்டது. கல்லு இத்தனை நாள் எதற்குப் பயந்தாளோ அந்த முகங்கள் வரிசையாக அவளைப் பார்த்தன. ஒரு நிமிடத்துக்கு முன்னால் அவர்கள் பார்த்தது ஒரு ஆட்டக்காரியை.

"அடடா, முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார் சூப்பர்வைசர். அவர் குரல் நிஜமாகவே இளகியிருந்தது. "சரி, இனிமே உனக்குச் சனிக்கிழமையே வேண்டாம். நான் சொல்றேன். மத்த நாலு பேரும் பாத்துக்குவாங்க. என்னப்பா?"

"கண்டிப்பா சார்" என்றாள் தையல்காரம்மா. பாய்லர்காரர் கீழே பார்த்தபடி தலையாட்டினார்.

அண்ணி கண்ணை மூடித் திறந்தாள். எத்தனை நாள் பாரம் இறங்கிவிட்ட முகம்.

"வேண்டாம் சார்" என்றாள் கல்லு.

"ஏய்!" அண்ணிக்குக் குரல் உடைந்தது.

"உங்க நல்ல மனசுக்குச் சொல்றீங்க, தப்பா எடுத்துக்காதீங்க. இன்னைக்கு நீங்க குடுக்கறீங்க. நாளைக்கு உங்களுக்கு என்மேல ஒரு வருத்தம் வந்தா? உங்க இடத்துல வேற ஆள் வந்தா? அப்ப இது இருக்குமா? ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் உங்க முகத்தப் பாத்துக்கிட்டு நிக்கணும். எனக்கு முடியாது. நான் ஆடியே எடுத்துக்கறேன்."

"அதிர்ஷ்டம் எடுத்துட்டுப் போச்சுன்னா? அதுதான் இப்பப் பாத்தமே" என்றார் பாய்லர்காரர். அதில் கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார்.

"போகட்டும் அண்ணே. அது ஆள் பாத்து எடுக்காது. உங்ககிட்டயும் எடுக்கும், என்கிட்டயும் எடுக்கும். அதுக்கு நான் பல்ல இளிக்க வேண்டியதில்ல." அவள் நடுவில் கிடந்த பட்டன்களைத் தன் பக்கம் வழித்துக்கொண்டாள். "இது என்னுது. அதிர்ஷ்டத்துல வந்தாலும் ஆடி வந்தது. திருப்பித் தரமாட்டேன். இந்தச் சனிக்கிழமை நான் வரல. அடுத்த வியாழக்கிழமை எல்லாரும் ஒழுங்கா ஆடுங்க. எம்மேல பாவப்பட்டு யாராவது நல்ல கையப் போட்டீங்கன்னு தெரிஞ்சுது, நான் மேசையிலேருந்து எந்திரிச்சுடுவேன்."

"தெரியும்ங்கறயா?"

"போட்ட சீட்டக் காட்டணும்னு நீங்கதானே சட்டம் போட்டீங்க."

பாய்லர்காரர் மேசைமேல் விரித்துக் கிடந்த சீட்டுகளைப் பார்த்தார். அந்த ஒரு வருடமும் அவர் கண் முன்னால் திரும்ப ஓடியிருக்க வேண்டும். மணி அடித்தது.

பிற்பகல் முழுவதும் அண்ணியும் அவளும் உருளையின் முன்னால் ஆளுக்கொரு முனையைப் பிடித்து விரிப்புக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அண்ணி ஒரு வார்த்தை பேசவில்லை. விரிப்பை உதறுகிற உதறலில் மட்டும் எள்ளும் கொள்ளும் வெடித்தது. கல்லு அந்த மௌனத்தைக் கலைக்கவில்லை. இது தனக்கு வந்து சேர வேண்டியதுதான் என்று தோன்றியது.

கூடை காலியாகும் சமயம் அண்ணியே கேட்டாள். "தோத்தா?"

"தோத்தா உருளையில நிப்பேன். இனிமே நீங்க நிக்க வேண்டாம்."

"நான் அதக் கேக்கல. அந்த ஆளுகிட்ட என்ன சொல்லுவ? நல்ல மனசோட விடறேன், நல்ல மனசோட விடறேன்னு எப்பப் பாத்தாலும் சொல்லிக்கிட்டே திரியறானே, அவன்கிட்ட?"

கல்லு கையிலிருந்த விரிப்பு பாதி உருளைக்குள் போயிருந்தது. மீதியை விட மறந்து அப்படியே நின்றாள். சூப்பர்வைசரிடம் வேண்டாம் என்று சொன்னதையே அந்த ஆளிடம் இத்தனை நாளாக வாங்கிக்கொண்டு வந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவன் வாசலில் அவள் சிரித்த சிரிப்புகள், சொன்ன நன்றிகள், தாமதமாகிவிடுமோ என்று மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடிய ஓட்டங்கள். அவனிடம் அவள் ஒருநாளும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. எதிர்த்தால் சனிக்கிழமை போய்விடும் என்று, வந்த கையை எல்லாம் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"ஏய், கை பத்திரம்!" என்று அண்ணி கத்தினாள். கல்லு கையை இழுத்துக்கொண்டாள். சுடவில்லை.

"ஒரு நிமிஷம் இருங்க அண்ணி."

கதவுக்கு வெளியே, வார்டு வண்டிகள் நிற்கும் சுவரோரம் போய் நின்று போனை எடுத்தாள். மூன்றாவது மணியில் எடுத்தான்.

"என்ன, இந்தச் சனிக்கிழமை வரலையா?" என்றான். குரலில் ஒரு சின்ன எதிர்பார்ப்பு இருந்தது.

"வரேன்" என்றாள். "சனிக்கிழமையும் வரேன், ஞாயித்துக்கிழமையும் வரேன். ரெண்டு நாளும் அவ என்கூட இருப்பா. ராத்திரி என் வீட்ல தூங்குவா."

கல்லு காத்திருந்தாள். காத்திருப்பதில் அவளை ஜெயித்தவர்கள் இல்லை.

"யாரக் கேட்டு?" என்றான் கடைசியில். "நான் விடமாட்டேன்னு சொன்னா?"

"சொல்லு. சொன்னா கோர்ட்டுக்குப் போறேன். அங்க எனக்குக் கிடைக்கலாம், கிடைக்காமயும் போகலாம். ஆனா உன்ன இனிமே கேக்கப் போறதில்ல."

கதவருகே அண்ணி வந்து நின்றுகொண்டிருந்தாள். அவள் கையில் சூடான விரிப்பு ஒன்று மடிக்காமல் அப்படியே இருந்தது. கல்லு போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அவன் என்ன சொல்லப் போகிறான் என்று அவளுக்குத் தெரியாது. தெரியாமலே நிமிர்ந்து நின்றாள்.